இருபத்துநாலு சாந்தாமணி

அரவேணுவில் பஸ்ஸை விட்டு இறங்கி சாந்தாமணி ஊடு எது என்று கேட்டால், "எந்தச் சாந்தாமணிங்க, இருபத்துநாலா?" என்று திருப்பிக் கேட்பார்கள். அது கதவிலக்கம் இல்லை. வயசும் இல்லை, அந்தப் பெயர் விழுந்தபோதே அவளுக்கு முப்பத்தைந்து. பூஜ்யம் என்று எழுதச் சொன்ன இடத்தில் இருபத்துநாலு என்று எழுதிவிட்டு, அடிக்க மாட்டேன், அழிக்க மாட்டேன் என்று நின்றதால் வந்த பெயர். இந்த ஊரில் நல்லது செய்தவரை இரண்டு வருஷத்தில் மறந்துவிடுவார்கள். பிடிவாதம் பிடித்தவரை மட்டும் பெயர் வைத்து ஞாபகம் வைத்துக்கொள்வார்கள்.

அப்பா குப்புசாமி அவினாசிப் பக்கத்திலிருந்து மலையேறி அருவங்காட்டு வெடிமருந்துத் தொழிற்சாலையில் சேர்ந்தவர். கேட்டில் தினமும் சட்டைப் பையைத் தடவித் தீப்பெட்டி இருக்கிறதா என்று பார்த்துத்தான் உள்ளே விடுவார்கள். முப்பது வருஷம் அப்படித் தடவப்பட்டவர், வீட்டிலும் வேகமாகக் கதவைச் சாத்தினால் திடுக்கிடுவார். மகள் காலேஜுக்குப் போக வேண்டும் என்றபோது, "கெமிஸ்ட்ரி வேண்டாம் கண்ணு, அது வெடிக்கற படிப்பு" என்று சொல்லிவிட்டார். சாந்தாமணி ஊட்டி காலேஜில் பௌதிகம் எடுத்தாள். அதில் வெடிக்கிற சங்கதி எதுவும் இல்லை என்று அவர் நம்பினார். மகள் அவரைத் திருத்தவில்லை.

அவள் படித்து முடித்த மறு வருஷம் மே மாதத்தில், ராஜஸ்தான் பாலைவனத்தில் பூமிக்கடியில் ஓர் அணுகுண்டை வெடித்துப் பார்த்த செய்தி வந்தது. குப்புசாமி பேப்பரை முழுதும் படித்து, மடித்து, மகளை நிமிர்ந்து பார்த்தார்.

"இது உங்க பாடமா?"

"ஆமாங்கப்பா."

"கெமிஸ்ட்ரியே படிச்சிருக்கலாம்" என்றார்.

பௌதிகப் பட்டத்துக்கு மலையில் என்ன வேலை இருக்கிறது? நாலு வருஷம் தேடிவிட்டு, குமாரசாமியின் தேயிலை ஃபேக்டரியில் உர குடோன் கிளார்க்காகச் சேர்ந்தாள். பி.எஸ்ஸி. என்றால் உரமும் அதில் வரும் என்று குமாரசாமி நினைத்தார். வராது என்று அவள் சொன்னாள். "பரவால்ல, படிச்சவங்களுக்கு மூட்டை எண்ணத் தெரியாதா" என்று சேர்த்துக்கொண்டார். அவருக்கு அறுபது ஏக்கர் தோட்டமும் இருந்தது. அதற்கான யூரியா, பாஸ்பேட், பொட்டாஷ் எல்லாம் ஃபேக்டரிக்குப் பின்னால் ஒரு கல் கட்டிடத்தில் அடுக்கியிருக்கும். சாவி சாந்தாமணியிடம் ஒன்று, ஆபீஸில் ஒன்று. பத்து வருஷம் அவள் எலக்ட்ரானைப் பற்றி ஒருவரிடமும் பேசவில்லை. பேச்சு வந்தது 1987 ஜனவரியில்.

முந்தின ஏப்ரலில் செர்னோபிலில் அணு உலை ஒன்று வெடித்து, அதன் தூசு ஐரோப்பாவில் பல இடங்களில் மழையோடு இறங்கியிருந்தது. அதற்கப்புறம் வெளிநாட்டில் வாங்குகிறவர்கள் பால், காளான், இறைச்சி, தேயிலை என்று எதைப் பார்த்தாலும் முகர ஆரம்பித்தார்கள். அது வெடித்த இடத்துக்கும் அரவேணுவுக்கும் ஆறாயிரம் கிலோமீட்டர் இருக்கும். இருந்தும் குமாரசாமியிடம் நூற்றுநாற்பது பெட்டி தேயிலைக்குச் சரி சொல்லியிருந்த ஒரு வெளிநாட்டுக் கம்பெனி, அச்சடித்த ஒரு பாரத்தை அனுப்பிவிட்டது. அதில் 'தேயிலையில் கதிரியக்க அளவு' என்று ஒரு கட்டம். அதன் கீழே, அறிவியல் பட்டதாரி ஒருவர் அளந்து கையெழுத்திட வேண்டும் என்று ஒரு வரி.

ஃபேக்டரியில் எழுபது பேர் இருந்தார்கள். அறிவியல் பட்டதாரி ஒரே ஒருவர். அவர் உர குடோனில் மூட்டை எண்ணிக்கொண்டிருந்தார். கூப்பிட்டு அனுப்பினார்கள்.

பாரத்தைக் கொண்டுவந்தவர் அந்தக் கம்பெனியின் குன்னூர் ஏஜெண்ட் லோயிஸ். எப்போதும் டை கட்டிய, எதற்கும் முகம் மாறாத மனிதர். கூடவே ஏதோ ஒரு காலேஜில் இரவல் வாங்கிய, கதிரியக்கத்தை எண்ணிக் காட்டுகிற எண்ணிப்பெட்டியும் கொண்டுவந்திருந்தார். தையல் மெஷின் மூடி அளவு பெட்டி. ஒயரில் டார்ச் லைட் மாதிரி ஒரு குழாய். சாந்தாமணிக்கு அதைப் பார்த்ததும் காலேஜ் லேபின் வாசனையே வந்துவிட்டது. சுவிட்சைப் போட்டாள். டிக். கொஞ்சம் நின்று, டிக் டிக். பிறகு ரொம்ப நேரம் ஒன்றுமில்லை. பிறகு டிக்.

குமாரசாமி நாற்காலியைப் பின்னுக்கு நகர்த்தினார். "தேயிலையே இன்னும் வைக்கல. அதுக்குள்ள என்னத்த எண்ணுது?"

அவள் கடிகாரத்தைப் பார்த்துப் பத்து நிமிஷம் எண்ணி, பத்தால் வகுத்தாள். நிமிஷத்துக்கு இருபத்துநாலு. அப்புறம் தேயிலையைத் தட்டில் கொட்டிக் குழாயைப் பக்கத்தில் வைத்து எண்ணினாள். இருபத்துநாலு. அதற்கு மேல் ஒரு கால் பங்கு கூடியோ குறைந்தோ இருந்திருக்கலாம்.

"வெறும் மேஜைக்கும் அதேதானுங்க, தேயிலைக்கும் அதேதானுங்க" என்றாள். "இது ஆகாசத்துல இருந்து வர்றது, கல்லுல மண்ணுல இருக்கறது. கீழ மேட்டுப்பாளையத்துல வெச்சா கொஞ்சம் கொறையும்."

"அப்ப தேயிலைல இல்ல."

"இந்தப் பெட்டிக்குத் தெரியற அளவுக்கு இல்லீங்க."

"பூஜ்யம்னு எழுதிப்போடு அம்மிணி."

அங்கேதான் வண்டி நின்றது. பூஜ்யம் எழுத முடியாது என்றாள். இந்தப் பெட்டி பிறந்ததிலிருந்து ஒரு நாளும் பூஜ்யம் சொன்னதில்லை, இனிமேலும் சொல்லாது. பூஜ்யம் எழுதினால் பெட்டியைத் திறக்கவே இல்லை என்று அர்த்தம். வெறும் மேஜை இருபத்துநாலு, தேயிலை இருபத்துநாலு என்று எழுதுகிறேன் என்றாள். வெளிநாட்டுக்காரன் இருபத்துநாலு என்ற எழுத்தை மட்டும் பார்த்துவிட்டுச் சரக்கைத் திருப்பிவிடுவான் என்றார் குமாரசாமி. தேயிலை ஏலக் கூடத்தில் ஆயுசைக் கழித்தவர். காகிதத்தை யாரும் முழுதாகப் படிக்க மாட்டார்கள் என்பது அவருக்கு அனுபவத்தில் தெரிந்த உண்மை. இருவரும் சொன்னது சரிதான் என்பதுதான் இதில் சிக்கல்.

கொஞ்சம் விளக்கினால் மசிவார் என்று சாந்தாமணி நினைத்தாள். படித்தவர்களுக்கு இந்த நப்பாசை போகவே போகாது. மேஜையிலிருந்த டப்பாவில் ஒரு மிளகை எடுத்து வைத்தாள். ஓர் அணுவின் நடுவிலுள்ள கரு இந்த மிளகு என்றால், அதைச் சுற்றுகிற கடைசி எலக்ட்ரான் கீழே பஸ் நிறுத்தத்தில் இருக்கும். நடுவில் ஒன்றும் கிடையாது. எடை முழுக்க மிளகில்தான். அந்த மிளகுக்குள்ளே புரோட்டான், நியூட்ரான் என்று இரண்டு வகை. இரண்டும் ஓர் அளவில் இருந்தால் அணு சும்மா கிடக்கும். அளவு தப்பியிருந்தால் என்றைக்காவது ஒரு நாள் உள்ளேயிருந்து ஒரு துணுக்கை வெளியே எறிந்துவிட்டு வேறு பொருளாக மாறிவிடும். அந்த எறிதல்தான் இந்த டிக். என்றைக்கு எறியும் என்று அதற்கே தெரியாது.

குமாரசாமி மிளகையும் ஜன்னல் வழியே பஸ் நிறுத்தத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நடுவுல ஒண்ணுமே இல்லையா?"

"இல்லீங்க."

"அப்ப இத்தன நாளா நான் ஒண்ணுமில்லாததத்தான் பெட்டி பெட்டியா வித்துட்டிருக்கேனா?"

லோயிஸுக்குக்கூட உதடு அசைந்தது. விஷயம் மட்டும் அசையவில்லை. வெள்ளிக்கிழமை கொச்சிக்கு லாரி. அதற்குள் பாரத்தை எழுதி வையுங்கள், நான் வந்து வாங்கிக்கொள்கிறேன் என்று லோயிஸ் கிளம்பிப் போனார். எண்ணிப்பெட்டியைப் பத்திரமாகப் பூட்டி வைக்கச் சொன்னார். அது திங்கட்கிழமை.

செவ்வாய்க்கிழமை அவள் தோட்டத்தில் உரம் போடுகிற இடத்தைப் பார்க்கப் போயிருந்தாள். சாயங்காலம் திரும்பினால் ஃபேக்டரியே மாறியிருந்தது. இலை அரைக்கிற மெஷின் ஓடியது. மனிதர்கள்தான் நின்று குசுகுசுவென்று பேசிக்கொண்டிருந்தார்கள். டீ மேக்கர் இராஜமாணிக்கம் அளந்துவிட்டாராம். ஐம்பத்தொன்றாம்.

இராஜமாணிக்கம் கெட்டவர் இல்லை. இலை வாடுகிற மாடியிலிருந்து தேயிலை பெட்டிக்குள் போகிற வரை அந்த ஃபேக்டரியில் எல்லாம் அவர் மூக்கையும் நாக்கையும் நம்பித்தான் நடந்தது. இருபது வருஷமாகத் தன் தேயிலையைப் பற்றித் தானே தீர்ப்புச் சொன்னவருக்கு, உர குடோன் கிளார்க் வந்து அதைப் பற்றி எழுதுவது பொறுக்கவில்லை. ஆபீஸில் இருந்த இன்னொரு சாவியைக் கொண்டுபோய் எண்ணிப்பெட்டியை எடுத்தார். டிக் டிக்கென்று எண்ணுவதற்குப் பட்டம் எதற்கு என்பது அவர் கட்சி. எண்ணினார். அவர் எண்ணியதில் ஒரு தப்பும் இல்லை; ஐம்பத்தொன்று ஐம்பத்தொன்றுதான்.

குமாரசாமியின் முகம் ஒரே நாளில் வற்றிப்போயிருந்தது. மழையில் வந்திருக்குமோ, காற்றில் வந்திருக்குமோ, ஃபேக்டரிக்கு இலை போட்ட சின்ன விவசாயி எவனாவது எதையாவது தெளித்திருப்பானோ என்று அவர் போகாத இடம் இல்லை. ஆனால் முடிவில் வந்து நின்ற இடம் மட்டும் பழைய இடம்தான்.

"பூஜ்யம்னு எழுதிப்போடு" என்றார். "இப்ப எழுதித்தான் தீரோணும்."

நேற்று ஒன்றுமில்லாததால் பூஜ்யம். இன்றைக்கு ஏதோ இருப்பதால் பூஜ்யம். இந்தத் தர்க்கத்தை ரசிக்கிற மனநிலையில் சாந்தாமணி இல்லை.

"இருக்குதுன்னா அனுப்பவே கூடாதுங்க" என்றாள். "இல்லைன்னா இருபத்துநாலு. ரெண்டுல எதுனாலும் பூஜ்யம் இல்லீங்க."

"வெள்ளிக்கிழமைக்குள்ள கையெழுத்துப் போடு. இல்லையா, திங்கக்கிழமை வேலைக்கு வர வேண்டாம். எழுபது பேர் சோத்துல விளையாடாத அம்மிணி."

அந்தக் கடைசி வார்த்தைதான் அவளைக் குத்தியது. வீட்டுக்கு வந்து புருஷன் சின்னராஜிடம் சொன்னாள். அவர் கோத்தகிரி ரோட்டில் அரசு பஸ் ஓட்டுகிறவர். காலையில் உறைபனி படிந்த வளைவுகளில் எழுபது பேரை ஏற்றிக்கொண்டு இறங்குகிற ஆள் என்பதால் அவசரப்பட்டு எதுவும் சொல்ல மாட்டார். மீட்டர் முள் வேலை செய்யாத வண்டியில் வேகம் பூஜ்யம் என்றுதான் காட்டும், அதற்காக வண்டி நிற்கிறது என்று ஆகிவிடுமா என்று மட்டும் கேட்டார். பிறகு, "வேல போயிருமா?" என்றார். போகலாம் என்றாள். "செரி, சாப்புடு" என்றார்.

புதன்கிழமை காலையில் அவள் இராஜமாணிக்கத்திடம் எங்கே வைத்து அளந்தீர்கள் என்று கேட்டாள். ஃபேக்டரியில்தான், வேறு எங்கே என்றார். ஃபேக்டரியில் எங்கே? "எங்க வெச்சா என்ன சாந்தாமணி, தேயில தேயிலதான்" என்று சொல்லிவிட்டு டிரையர் பக்கம் போய்விட்டார். அந்த மனிதர் காசு கொடுத்தாலும் பொய் சொல்லத் தெரியாதவர். அவர் கண்ணைத் தாழ்த்தியதில் அவளுக்குச் சந்தேகம் வந்தது.

மாதிரித் தேயிலை இருந்த தகர டப்பா ஆபீஸ் மேஜையில் இருந்தது. கையில் எடுத்தாள். மூடி இறுக்கமாக இருந்தது. கவிழ்த்துப் பார்த்தாள். அடித்தகட்டில், வளையத்தின் உள்பக்கமாக, நாலைந்து சிவப்புப் பரல்கள் ஒட்டியிருந்தன. கல் உப்பைச் செங்கல் தூளில் புரட்டியது போன்ற நிறம். பத்து வருஷமாகத் தினமும் பார்க்கிற பரல். பொட்டாஷ்.

தேயிலை அண்டையில் இருக்கிற எந்த வாசனையையும் இழுத்துக்கொள்ளும். அதனால் உர குடோன் பக்கம் ஒரு கிராம் தேயிலைகூடப் போகக் கூடாது என்று இருபது வருஷமாகக் கத்தியவர் இராஜமாணிக்கம். உர மூட்டை தூக்கியவர்கள் கைகழுவாமல் ஃபேக்டரிக்குள் வந்தால் விரட்டியிருக்கிறார். அப்படிப்பட்டவர் தேயிலை டப்பாவை உர குடோனில், அதுவும் பொட்டாஷ் மூட்டை மேலேயே வைத்து அளந்திருக்கிறார். காரணமும் விளங்கியது. ஃபேக்டரிக்குள் மெஷின் இரைச்சலில் டிக் காதில் விழாது; ஆபீஸில் முதலாளி இருப்பார். பூட்டு உள்ள, சத்தமில்லாத ஒரே இடம் குடோன். பெட்டியைப் பூட்டி வைத்ததும் அங்கேதான். தன் சட்டத்தைத் தானே மீறியதை எந்த வாயால் சொல்வார்?

சாந்தாமணிக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு குடோனுக்கு ஓடினாள்.

குடோனில் மூட்டை ஏற்றி இறக்குகிறவள் மூக்கம்மா. இலங்கையில் பிறந்து, இரண்டு அரசுகளும் போட்ட ஒப்பந்தத்தில் கப்பலேற்றப்பட்டு வந்தவள். ஃபேக்டரியை இன்னும் 'ஸ்டோரு' என்றுதான் சொல்வாள். செவ்வாய்க்கிழமையிலிருந்து ஸ்டோருக்குள் விஷம் இறங்கிவிட்டது என்ற பேச்சைக் கேட்டு அவளும் மிரண்டிருந்தாள். சாந்தாமணி முதலில் தேயிலையே இல்லாமல், குழாயை மட்டும் பொட்டாஷ் மூட்டை மேல் வைத்துப் பத்து நிமிஷம் எண்ணினாள். ஐம்பது. பிறகு முப்பது மூட்டைகளையும் வெளியே கொண்டுபோய், தள்ளியிருந்த ஒரு கொட்டகையின் கடைசி மூலையில் அடுக்கச் சொன்னாள். மூக்கம்மாவும் இன்னொரு ஆளும் சுமந்தார்கள். சாந்தாமணியும் ஒரு முனையைப் பிடித்தாள். வெறும் குடோனில் மறுபடி எண்ணினாள். இருபத்தைந்து. அதே இடத்தில் தேயிலை டப்பாவை வைத்து எண்ணினாள். இருபத்துநாலு.

"இந்த உப்பா கெளாக்கரம்மா அப்புடிக் கத்துது?" என்றாள் மூக்கம்மா.

இதுதான் என்றாள் சாந்தாமணி. பொட்டாசியம் அணுவில் பெரும்பாலும் பத்தொன்பது புரோட்டான், இருபது நியூட்ரான். பத்தாயிரம் அணுவில் ஒன்றுக்கு மட்டும் நியூட்ரான் ஒன்று கூடுதல். அந்த ஒன்றுதான் பொறுமை இழந்து துணுக்கை எறிகிறது. எறிந்ததும் பெரும்பாலும் கால்சியமாகிவிடும், அதாவது சுண்ணாம்பில் இருக்கிற சமாச்சாரம். இருக்கிறதில் பாதி மாறுவதற்கு நூற்றிருபத்தைந்து கோடி வருஷம் ஆகும். பூமி உண்டானபோதே அதற்குள் வந்தது. எந்த உலையும் வெடிக்க வேண்டியதில்லை.

மூக்கம்மா அவ்வளவையும் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "பதினாலு வருசமா இதத் தோள்ல சொமக்கறேன். எனக்கு ஒண்ணும் ஆவாதா?"

அந்த ஃபேக்டரியில் அந்த வாரம் கேட்கப்பட்டதிலேயே நியாயமான கேள்வி அது. சாந்தாமணி குழாயைக் கீழே வைத்துவிட்டு அவள் பக்கம் திரும்பினாள். ஆகாது என்றாள். வாழைப்பழத்திலும் உருளைக்கிழங்கிலும் உன் ரத்தத்திலும் என் ரத்தத்திலும் இதே பொட்டாசியம்தான் ஓடுகிறது, அது இல்லாவிட்டால் நெஞ்சு துடிக்காது; மூட்டை கொஞ்சம் அதிகமாகச் சத்தம் போடுகிறது, அவ்வளவுதான். மூட்டையின் பாரம்தான் உன்னைக் கெடுக்கும், இந்த டிக் இல்லை. மூக்கம்மா தோளைத் தடவிக்கொண்டு, அதென்னவோ சரி என்றாள்.

வியாழக்கிழமை அவள் மேஜை, தேயிலை, மூட்டை மூன்றையும் இன்னும் இரண்டு தடவை எண்ணி வைத்தாள். வெள்ளிக்கிழமை லோயிஸ் வந்தபோது சாந்தாமணி ஒரு பொட்டாஷ் மூட்டையைக் கைவண்டியில் வைத்து ஆபீஸுக்குள்ளேயே தள்ளிக்கொண்டு வந்தாள். குமாரசாமி, இராஜமாணிக்கம் இருவரும் இருந்தார்கள். அவள் யார் எங்கே தேயிலையை வைத்தார்கள் என்று சொல்லவில்லை. குழாயை மேஜையில் வைத்தாள். டிக் நிதானமாக வந்தது. தேயிலையில் வைத்தாள், அதே நிதானம். மூட்டையில் வைத்தாள், வறுபடுகிற கடுகு மாதிரி பொரிய ஆரம்பித்தது.

இராஜமாணிக்கம் மூட்டையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். பெரிய மனிதர், ஒப்புக்கொண்டார்.

"மேலதான் வெச்சு அளந்தேனுங்க முதலாளி. இந்த மூட்ட மேலதான்."

குமாரசாமிக்கு அது காதில் ஏறவில்லை. அவர் கவலை வேறு பக்கம் திரும்பிவிட்டது. "இருவது வருசமா இதத்தான என்ற தோட்டத்துல போடறேன்" என்றார் மெல்ல. மூட்டைக்கும் தனக்கும் நடுவில் மேஜை இருக்கும்படி நகர்ந்துகொண்டார்.

லோயிஸ் முதல்தடவையாக ஒரு கேள்வி கேட்டார். உலையில் வெடித்ததும் இந்த மூட்டையில் பொரிவதும் ஒன்றா? சாந்தாமணி பத்து வருஷமாக யாராவது இதைக் கேட்பார்களா என்று காத்திருந்த மாதிரி நிமிர்ந்தாள். இல்லை என்றாள். இது தானாக, தனித்தனியாக எறிகிற அணு. பக்கத்து அணுவைக் கிளப்பிவிடாது. உலையில் நடப்பது வேறு: யுரேனியம் கருவில் ஒரு நியூட்ரான் போய் மோத, கரு இரண்டாக உடையும், உடையும்போது இரண்டு மூன்று நியூட்ரான் தெறிக்கும், அவை அடுத்த கருக்களை உடைக்கும், அது அடுத்ததை. ஒரு வதந்தி இரண்டு பேரிடம், அந்த இரண்டு பேர் நாலு பேரிடம் என்று செவ்வாய்க்கிழமை இந்த ஃபேக்டரியில் நடந்த மாதிரி. அடக்கி ஓட்டினால் கரண்ட். கை மீறினால் என்ன ஆகும் என்று போன வருஷம் பார்த்தோம். உடைந்த துண்டுகளில் ஒன்றுதான் சீசியம். பாதியாகக் குறையவே முப்பது வருஷம் ஆகும். அந்தச் சீசியம் குணத்தில் பொட்டாசியத்தைப் போலவே இருப்பதால் செடி ஏமாந்து உறிஞ்சிக்கொள்ளும். வெளிநாட்டுக்காரன் பயப்படுவது அதற்குத்தான், அவன் பயம் நியாயம்தான் என்றாள்.

"சரி, தேயில சுத்தம். இப்பவாவது பூஜ்யம் போடு" என்றார் குமாரசாமி.

மூன்றாவது தடவை அதே வார்த்தை. சாந்தாமணி பாரத்தை எடுத்து, நின்றபடியே எழுதினாள். வெறும் மேஜை, நிமிஷத்துக்கு இருபத்துநாலு. தேயிலை, இருபத்துநாலு. பொட்டாஷ் உரம், ஐம்பது. ஒவ்வொன்றும் பத்து நிமிஷம், மூன்று தடவை. அதோடு நிறுத்தியிருந்தால்கூட முதலாளி மன்னித்திருப்பார். கீழே இன்னும் ஒரு வரி சேர்த்தாள்: சிறிய அளவில் சீசியம் இருந்தால் கண்டுபிடிக்க இந்தப் பெட்டி போதாது, பெரிய ஆய்வுக்கூடத்தில் பார்க்கவும். கையெழுத்துப் போட்டு, முதலாளியிடம் நீட்டாமல், நேராக லோயிஸ் கையில் கொடுத்தாள்.

குமாரசாமி எழுந்துவிட்டார். "உன்ற சரக்கா அது? நீ யாரு அதுல கொற சொல்ல?"

"சரக்கு உங்களுதுங்க. கையெழுத்து என்றதுங்க."

திங்கக்கிழமை வராதே என்றார். லோயிஸ் பாரத்தை மடித்துப் பையில் வைத்தார். முகம் மாறவில்லை.

திங்கட்கிழமை சாந்தாமணி வழக்கம்போல எட்டு மணிக்கு வந்து குடோனைத் திறந்து உட்கார்ந்தாள். வராதே என்று சொன்னவர் காகிதத்தில் எழுதிக் கொடுக்கவில்லை. வாயால் சொன்னதைத் தான் கணக்கில் எடுப்பதில்லை என்று மூக்கம்மாவிடம் சொன்னாள். வெளியே அனுப்ப வேண்டுமென்றால் யாராவது வந்து சாவியைப் பிடுங்க வேண்டும். அந்த வேலையை இராஜமாணிக்கத்துக்குக் கொடுத்தார்கள். அவர் குடோன் வாசல்வரை வந்து, பொட்டாஷ் மூட்டைகளைப் பார்த்து, தனக்கு டிரையரில் வேலை இருக்கிறது என்று திரும்பிப் போய்விட்டார். முதலாளி அவளோடு பேசுவதை நிறுத்தினார். சொல்ல வேண்டியதை மூக்கம்மாவிடம் சொல்லி அனுப்பினார். மூக்கம்மா அதில் பாதியை வழியிலேயே போட்டுவிட்டு வந்தாள்.

வாய்மையே வெல்லும் என்று சுவரில் எழுதி வைக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன்: சுற்று வட்டாரத்தில் மற்ற ஃபேக்டரிகள் எல்லாம் பூஜ்யம் எழுதின. அந்தச் சரக்குகள் ஒரு கேள்வி இல்லாமல் கப்பலேறின. உண்மை எழுதிய நூற்றுநாற்பது பெட்டி மட்டும் கொச்சியில் ஆறு வாரம் முடங்கிக் கிடந்தது. ஆறு வாரமும் ஊர் அவளைப் பார்த்து, "என்னங்க, இருபத்துநாலு எறங்குச்சா?" என்று கேட்டது. அவள் ஒவ்வொரு தடவையும் நின்று, இறங்காது என்று பதில் சொல்லிவிட்டுத்தான் நடந்தாள். பெயர் அப்படித்தான் ஒட்டியது.

ஏழாவது வாரம் லோயிஸ் ஒரு கடிதத்தோடு வந்தார். கம்பெனி ஒரு மாதிரியை எடுத்துப் பெரிய ஆய்வுக்கூடத்தில் பார்த்திருக்கிறது. அனுமதித்த அளவுக்கு வெகு கீழே. சரக்கு ஏறிவிட்டது. கூடவே ஒரு வரி: இந்த ஃபேக்டரியின் அடுத்த சரக்கையும் இதே நபர் அளந்தால் போதும், மறுசோதனை வேண்டாம். சாந்தாமணி அதை இரண்டு தடவை படித்தாள். காகிதத்தை முழுதாகப் படிக்கிற ஒருத்தர் உலகத்தில் எங்கேயோ இருக்கிறார். முதலாளியின் அனுபவத்தில் அந்த ஒரு ஆள் விட்டுப்போயிருக்கிறார்.

ஜூன் மாதம் அடுத்த சரக்குத் தயாரானது. குமாரசாமி மூக்கம்மாவை அனுப்பாமல், தானே பாரத்தையும் மறுபடி இரவல் வந்த எண்ணிப்பெட்டியையும் எடுத்துக்கொண்டு உர குடோனுக்கு வந்தார். ஐந்து மாசத்தில் அவள் முகத்துக்கு நேராகப் பேசுவது அதுதான் முதல்தடவை.

"உன்ற கையெழுத்துன்னா அவங்க இப்ப கேள்வியே கேக்கறதில்ல" என்றார். "அதனால இந்தத் தடவ பூஜ்யம்னே போட்டுரு. நம்பிருவாங்க."

சாந்தாமணி பெட்டியை வாங்கிக்கொண்டு ஆபீஸுக்கு நடந்தாள். அவர் பின்னாலேயே வந்தார். மேஜையில் குழாயை வைத்துப் பத்து நிமிஷம் எண்ணினாள். தேயிலையை வைத்துப் பத்து நிமிஷம். அதையே இன்னும் இரண்டு தடவை. ஒரு மணி நேரமும் அவர் நாற்காலியை நகர்த்தாமல் உட்கார்ந்து டிக் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். அவள் வகுத்து எழுதினாள். மேஜை இருபத்துமூன்று. தேயிலை இருபத்துமூன்று.

குமாரசாமி தலையை நீட்டிப் பார்த்தார். அவர் முகத்தில் ஐந்து மாசமாகக் காணாத வெளிச்சம்.

"கொறையுது பாரு" என்றார். "அடுத்த வருசத்துக்குள்ள பூஜ்யம் வந்துருமா அம்மிணி?"

"வராதுங்க" என்றாள் சாந்தாமணி, கையெழுத்துப் போட்டுக்கொண்டே.